மலையேறும் வண்டிக்கு எந்த எண்ணெய்

வண்டிச் சாவியைக் கொண்டுவந்து மங்கையம்மாளின் முன்னால் போட்டார் நாச்சிமுத்து. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாவி தோல்குவியலின் மேல் விழுந்தது. சத்தமே வரவில்லை.

"என்னங்கண்ணா இது?"

"சாவிங்கம்மா."

"அது தெரியுது."

"வேற ஆளப் பாருங்க. எனக்கு இனி இந்த வண்டி வேண்டாமுங்க."

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"மலைக்கு ஓட்டறேன்னு வேற யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப சாவி அங்கேயே இருக்கட்டும். வெங்காயத்துக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

ஓடைப்பள்ளம் மடத்துக்கு அவள்தான் தலைவி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர். லாரி ஓட்டி முதுகு வளைந்தபின், மனைவியும் போய்ச் சேர்ந்தபின், ஒரு துணிப்பையோடு அங்கே வந்தவர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மா என்பார். இரண்டும் அவரவருக்குப் பொருந்தித்தான் இருந்தது.

வந்த அன்று அவர் ஒரே ஒரு வரம் கேட்டார். எந்த ரோட்டில் போவது, எவ்வளவு பாரம் ஏற்றுவது, எந்த மரத்தடியில் தூங்குவது என்று ஆயுளெல்லாம் முடிவெடுத்தே ஓய்ந்துவிட்டது. இனி நானாக எதையும் முடிவு செய்யாமல் இருக்க வேண்டும் என்றார். மங்கையம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. மடத்து வண்டியின் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அது ஒரு டீசல் பிக்கப் வண்டி. முகம் நசுங்கி, ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டு, இருமிக்கொண்டே எழுந்திருக்கும். எழுந்துவிட்டால் உழைக்கும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமைதோறும் ஊரார் கொண்டுவருவதையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். பெரிய வீட்டுப் பச்சரிசி, ரேஷன் அரிசி, ஒரு கைப்பிடிக் கம்பு, யாரோ ஒருத்தியின் மடியில் வந்த சோளம், எல்லாம் ஒன்றாக வேகும். எது யார் கொடுத்தது என்று நாக்குக்குத் தெரியக் கூடாது. கூட்டுப்பானை என்று அதற்குப் பெயர். ஒரு வாரம் இருந்த ருசி அடுத்த வாரம் இருக்காது. அதைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பானை என்றால் உயிர். வந்ததை மறுக்காமல், எது உசத்தி எது மட்டம் என்று பார்க்காமல், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிற பானை. தன் மனசும் அப்படி ஆகிவிட வேண்டும் என்று நினைத்தார்.

அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது.

வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும் என்ற பேச்சு கிளம்பியதும் பக்தர்கள் எண்ணெயோடு வர ஆரம்பித்தார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை சிங்காரவேலு, புத்தம்புதுக் கார்களுக்கு ஊற்றுகிற மெல்லிய எண்ணெயைப் பளபளக்கும் டின்னில் கொண்டுவந்தார். டிராக்டர் வைத்திருக்கும் அங்கப்பன், தேன் மாதிரி இழுபடுகிற கெட்டி எண்ணெயை ஒரு கேன் நிறைய இறக்கினார். மலைமேல் மேல்கரையிலிருந்து மொபெட்டில் வாழைக்காய் கொண்டுவந்து விற்கும் பூவாயி, ஒரு சின்ன பாட்டிலை முந்தானையில் பொதிந்து எடுத்துவந்தாள். அது மொபெட்டுக்குப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற எண்ணெய்.

மூன்றும் மூன்று தினுசு. ஒன்றோடு ஒன்று சேராது. லாரிக்கார நாச்சிமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். சீடரான நாச்சிமுத்து அந்த லாரிக்காரரை வாயை மூடச் சொன்னார். வண்டிக் கொட்டகையில் ஒரு நீல டிரம்மை நிறுத்தி, மூன்றையும் அதில் ஊற்றி, மூங்கில் குச்சியால் கலக்கினார். யாரோ டிரம்முக்குக் குங்குமம் வைத்தார்கள். அந்தப் பக்கமாகப் போனவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

அந்த எண்ணெயைத்தான் வண்டியில் ஊற்றிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை, மலையேறினார்.

மேல்கரையில் விளைவது சாமை. அதை உரலில் போட்டுக் குத்திக் குத்தித்தான் உமியை நீக்க வேண்டும். விடியுமுன் ஆரம்பித்தால் உலை கொதிக்கும்போதுதான் ஒரு வேளைக்கான அரிசி சேரும். அந்த ஊர்ப் பெண்களின் தோளைப் பின்னாலிருந்து பார்த்தே எந்த ஊர் என்று சந்தையில் சொல்லிவிடுவார்கள். வலத்தோள் ஒரு பிடி தாழ்ந்திருக்கும். இப்போதுதான் அங்கே கரண்டு வந்திருந்தது. உமி நீக்கும் மிஷின் ஒன்றை ஓர் அறக்கட்டளை அந்த ஊருக்கென்று கொடுத்து, மடத்தில் கொண்டுவந்து இறக்கியிருந்தது. கூனிமலைப் பாதையின் வளைவுகளில் லாரி திரும்பாது. திரும்பக்கூடியது மடத்துப் பிக்கப் ஒன்றுதான்.

மூன்றாவது வளைவில் மேல்கரைப் பெண்கள் கொட்டு மேளத்தோடு காத்திருந்தார்கள். வண்டியின் மூக்கு வளைவுக்குள் நுழைந்த நேரம், எண்ணெய் அழுத்தம் இறங்கினால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. நாச்சிமுத்துவின் கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது. அந்த ஒரு கணம் லாரிக்காரர் சீடரை முந்திக்கொண்டார். அதனால்தான் எஞ்சின் பிழைத்தது.

பிறகு, முழுப் பாரத்தோடு, பிரேக்கை மட்டும் நம்பி, பின்பக்கமாகவே கீழே இறங்கினார். பூவாயி சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டும் எடுத்தும் கூடவே நடந்துவந்தாள். மேலே கொட்டுக்காரர்கள் கையைத் தொங்கவிட்டபடி நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அறக்கட்டளைக்காரர்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மிஷின் மேலே போகாவிட்டால், பாதை நல்லபடியாக உள்ள வேறு மலைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"எதனால நின்னுச்சுங்கண்ணா?" என்றாள் மங்கையம்மாள்.

"எண்ணெய்தானுங்கம்மா. கழட்டி விட்டுட்டேன். மோர் மாதிரி நுரைச்சுப் போச்சு."

"இனி எதை ஊத்தப் போறீங்க?"

"அதைத்தான் உங்ககிட்டக் கேக்க வந்தேன். சிங்காரவேலு இன்னொரு டின் தர்றேங்கறாரு. அங்கப்பன் இன்னொரு கேன் அனுப்பறேங்கறாரு. ஒருத்தர் குடுத்தத ஊத்துனா இன்னொருத்தர் மூஞ்சி சுருங்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அது உத்தரவு. எனக்கும் நிம்மதி."

"எனக்கு நல்லெண்ணெய் தெரியும், கடலையெண்ணெய் தெரியும். அதுக்கு மேல எண்ணெயோட எனக்கு ஒறவு இல்லீங்கண்ணா."

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எண்ணெய் குடுத்தவங்க எல்லாரையும் போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வண்டி மேல ஏறுதுன்னு சொல்லுங்க. பின்னால மிஷினுக்குப் பக்கத்துல எடம் இருக்கு, ஏறி உக்காந்து வாங்கன்னு கூப்பிடுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

நாச்சிமுத்து சாவியை வெங்காயத்தோலிலிருந்து பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

சிங்காரவேலு கடையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சாமி. டின்ன வண்டிலயே வெச்சரட்டுமா?"

"டின் இருக்கட்டுங்க. நீங்க வரோணும்."

"எங்க?"

"மேல்கரைக்கு. வண்டில. மிஷினுக்குப் பக்கத்துல."

ஊதுபத்தி ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

"அந்த மூணாவது வளைவு வழியாவா?"

"வேற வழி இல்லீங்களே."

"ஞாயித்துக்கிழமைங்களா... அன்னைக்கு எங்க சித்தப்பா பொண்ணுக்கு வளைகாப்பு."

"வளைகாப்புல ஆம்பளைக்கு என்னங்க வேலை?"

"பந்தி யாரு பாக்கறது? சாமி, என்ற எண்ணெய் வருதில்ல, அது வந்தா நான் வந்த மாதிரித்தானே!"

அங்கப்பன் அப்போதுதான் டிராக்டரிலிருந்து குதித்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் எங்க நாச்சிமுத்து வர்றது?"

"இப்பத்தான குதிச்சீங்க?"

"டிராக்டர்ல குதிக்கற இடுப்பு வேற, பிக்கப்புல குலுங்கற இடுப்பு வேற. அதுவுமில்லாம அந்த வளைவுல நீ எட்டிப் பாத்திருக்கியா? பறக்கற காக்காயோட முதுகு தெரியும். காக்கா முதுகப் பாக்கற எடத்துக்கு மனுசன் போகலாமா?"

"உங்க எண்ணெய் ஊத்துனா மலை என்ன மலை, எமலோகத்துக்கே ஏறும்னீங்களே."

"ஏறும்னு சொன்னேன். நான் ஏறுவேன்னா சொன்னேன்?"

பூவாயியை அடிவாரத்தில் பார்த்தார். வாழைக்காய்க் கூடை அவள் தலையில் இருந்தது.

"மொபெட் எங்க புள்ள?"

"அது படுத்துருச்சு. பிஸ்டன் ஒட்டிக்கிச்சாம். நமக்குத்தான் காலு ஒட்டிக்கலையே, நடக்கறேன்."

அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"வர்றேண்ணே! பக்கத்துல எதுக்கு, மிஷின் மேலயே உக்காந்துக்கறேன். அது என்ற மிஷினு."

"பயமில்லையா? போன வாரம் பாத்தியே."

"பாத்தேன். பின்னாலயே எறக்குனயே, அதுதான் பாத்தேன். அப்படி எறக்குனவன் ஏத்த மாட்டானா?"

அவர் மடத்துக்குத் திரும்பினார். வழியெல்லாம் ஓடைத் தண்ணீர் கூடவே வந்தது. போகிற இடம் தெரிந்ததுபோல அது சத்தம் போட்டுக்கொண்டு போனதைக் கேட்க அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

மடத்தில் மங்கையம்மாள் கூட்டுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரையுடம்பு பானைக்குள் இருந்தது. குரல் மட்டும் வெளியே வந்தது.

"யார் யார் வர்றாங்கண்ணா?"

"ஒருத்திதானுங்கம்மா. பூவாயி."

"நல்லது. அப்ப அவ எண்ணெய ஊத்துங்க."

நாச்சிமுத்து பதறிப்போனார். "ஐயோ, அதுதானுங்க இருக்கறதுலயே ஆகாத எண்ணெய்! அது டீசல் எஞ்சினுக்கான சங்கதியே இல்லீங்க. மொபெட்டுல பெட்ரோலோட எரிஞ்சு போறது. எஞ்சினுக்குள்ள தங்கி வேலை பாக்காது."

பானைக்குள் தேய்க்கும் சத்தம் நின்றது.

"இத்தனையும் உங்களுக்குத் தெரியுமா?"

"இத்தனை வருசம் வண்டி ஓட்டினவனுக்கு இது தெரியாதுங்களா?"

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிங்கம்மா சொல்றது? இருக்கறதக் கொண்டாந்து குடுத்தவ. மனசு நொந்துருவா."

மங்கையம்மாள் பானைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். கன்னத்தில் கரி ஒட்டியிருந்தது.

"சரி. மூணாவது வளைவுல சொல்லிக்கலாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே மறுபடியும் அடிவாரத்துக்கு நடந்தார்.

சிங்காரவேலுவிடம் மறுத்துப் பேசுவது அவருக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அங்கப்பனிடம் சண்டைகூடப் போடலாம். இவளிடம் சொல்வதுதான் மலை. இரண்டு முறை அவளைத் தாண்டிப் போய், இரண்டு முறை திரும்பி வந்தார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முறைத்தாள்.

"என்னண்ணே, கன்னு சிக்காத பசு மாதிரி சுத்தற?"

"பூவாயி. நீ குடுத்த எண்ணெய் அந்த வண்டிக்கு ஆகாது."

"ஆகாதா?"

"ஆகாது. வாங்கறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாங்கி ஊத்தினேன். அன்னைக்கு வண்டி நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

அவள் முகம் என்னவோ ஆனது. திட்டு வரும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழைக்காய் நசுங்கியது.

"அட மனுசா! அது என்ற மொபெட்டுக்கு வெச்சிருந்த எண்ணெய். சாமி வண்டிக்குத்தான் மொதல்லன்னு உனக்குக் குடுத்துட்டு, வெறும் பெட்ரோல ஊத்தியில்ல ஓட்டுனேன்! அதுலதான் அது படுத்துச்சு. 'இது வேண்டாம் புள்ள, எடுத்துட்டுப் போ'ன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற வண்டியும் ஓடியிருக்கும், உன்ற வண்டியும் ஏறியிருக்கும்."

நாச்சிமுத்துவுக்குக் கண் எரிந்தது. மறுக்காமல் வாங்கிக்கொண்ட தன் நல்ல மனசு, இந்தப் பெண்ணை இத்தனை நாள் தலையில் கூடையோடு நடக்கவிட்டிருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"மன்னிச்சுக்க பூவாயி."

"மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? மிஷினக் கொண்டா. மொபெட்ட அப்புறம் வந்து பிரிச்சுப் பாரு."

அங்கிருந்து நேராக சிங்காரவேலுவின் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுந்து பளபளப்பு டின்னை எடுத்தார்.

"அது வேண்டாமுங்க. கீழ் வரிசைல இருக்குதே, டீசலுக்கான பதினஞ்சு-நாப்பது நம்பர் எண்ணெய். அதைக் குடுங்க."

சிங்காரவேலு எட்டிப் பார்த்தார். "அதுங்களா? சாமி, அது லாரிக்காரனுக ஊத்தறதுங்க."

"நான் லாரிக்காரந்தானுங்க."

மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் தன் வாயால் சொன்னதில்லை. சொன்னபின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததுபோல் இருந்தது.

"என்ற எண்ணெய் இதைவிட ஒசத்தி சாமி."

"ஒசத்திதானுங்க, புதுக் காருக்கு. எங்க வண்டி கிழடு. உள்ள தேஞ்சு எடைவெளி விட்டிருச்சு. உங்களுது சூட்டுல தண்ணியா ஓடிரும். அங்கப்பனோடது விடியக்காலைக் குளிருல எந்திரிக்கவே எந்திரிக்காது. இது ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். டீசல் கரியத் தன் மேல வாங்கிக்கும். கறுத்துப் போகும், ஆனா விட்டுக்குடுக்காது."

"இத்தனையும் தெரிஞ்சவரு அன்னைக்கு என்ற டின்ன ஏனுங்க வாங்கினீங்க?"

"அதுதானுங்க நான் பண்ண தப்பு. தப்பு உங்க டின்னுல இல்ல. எங்கிட்ட."

சிங்காரவேலு கோபப்பட முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. குனிந்து கீழ் வரிசையிலிருந்து கேனை இழுத்துத் தூசியைத் துடைத்தார். கூடவே ஒரு புது ஃபில்டரையும் எடுத்து வைத்தார்.

"இதாவது சேருமுங்களா, பாருங்க."

நாச்சிமுத்து ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வாயில் இருந்த திருகு மரையை விரலால் தடவினார்.

"சேருமுங்க," என்றார். மனசார வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். மிச்சமிருந்த பழைய எண்ணெய் சொட்டி முடியும்வரை காத்திருந்தார். புது எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அதையும் கழற்றிவிட்டார். ஃபில்டரை மாற்றி மறுபடியும் ஊற்றினார். அளவுக்கம்பியை எடுத்து, துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி நின்றது. நீல டிரம்மில் மீந்திருந்ததை வேலிக்கம்பங்களுக்குக் கறையான் வராமல் பூச அங்கப்பன் தூக்கிக்கொண்டு போனார். குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு எடுத்துப் போகும்படி நாச்சிமுத்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகும் முன் மிஷினை ஏற்றினார்கள். பூவாயி சொன்னபடியே அதன் மேல் ஏறி, யானைமேல் உட்கார்ந்தவள்போல் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து கதவுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே ஏறியபோது பக்கத்து இருக்கையில் மங்கையம்மாள் இருந்தாள். மடியில் ஒரு கூஜாத் தண்ணீர்.

"நீங்களுங்களா?"

"எடம் இருக்குதுல்ல?"

"இந்த வண்டி... நான்..."

"நேரமாகுதுங்கண்ணா."

வண்டி இருமி எழுந்தது. சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. காது கொடுத்துக் கேட்டார். எஞ்சினின் சத்தத்தில் போன வாரம் இருந்த வறண்ட தடதடப்பு இல்லை. உரலில் ஈர நெல் குத்துகிற மாதிரி அடங்கிய, கனத்த சத்தம்.

முதல் வளைவை ஒரே திருப்பில் எடுத்தார். இரண்டாவதில் ஒரு முறை பின்வாங்கி எடுத்தார். பூவாயி மேலே இருந்து "வலப்பக்கம் மரம்! எடப்பக்கம் ஒண்ணுமே இல்ல, ஆகாசம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது வளைவில் மேல்கரைப் பெண்கள் நின்றார்கள். இந்த முறை கொட்டு இல்லை. அவமானம் ஒரு முறை போதும் என்று மேளத்தைப் புதருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கல் இருந்தது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. வலத்தோள் தாழ்ந்த அந்த வரிசையை நாச்சிமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

முதல் கியரைப் போட்டார். மூக்கு வளைவுக்குள் போனது. பாதி திரும்பியதும் பாறை குறுக்கே வந்தது. நிறுத்தினார். பின்சக்கரத்துக்கு அடியில் கற்கள் விழும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு முழம் பின்னால் விட்டார். பின்னால் காக்கைகளின் முதுகு இருந்தது. கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். எஞ்சின் உறுமியது. மிஷினின் மொத்தக் கனமும் கீழே இழுத்தது. வண்டி நடுங்கியது, நகரவில்லை.

அவர் கண் சிவப்பு விளக்கைத் தேடவில்லை. அதுவே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கால் அடியில் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது. எதை ஊற்றினோம், ஏன் ஊற்றினோம் என்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

சக்கரம் ஒரு கல்லைப் பின்னால் தெறிக்கவிட்டு ஏறியது.

பாறை விலகியது. வளைவு விலகியது. முன்னால் பாதை நேராக, வெயிலோடு, மேலே மேலே போனது. பூவாயி குலவையிட்டாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் வளைவு முழுவதும் குலவை எழுந்தது. பெண்கள் கற்களை எறிந்துவிட்டுப் புதருக்குள் ஓடி மேளத்தை எடுத்து அடித்துக்கொண்டே வண்டியின் பின்னால் ஓடிவந்தார்கள். மலை அந்தச் சத்தத்தை வாங்கி அடுத்த மலைக்குக் கொடுத்தது.

மீதி வளைவுகளை நாச்சிமுத்து எண்ணவில்லை. அவர் பாடிக்கொண்டு வந்தார். லாரிக் காலத்துப் பாட்டு, மடத்தில் பாடக் கூடாத பாட்டு. மங்கையம்மாள் கூஜாமேல் தாளம் போட்டாள்.

மேல்கரையில் மிஷினை இறக்கி, கரண்டு கொடுத்து, ஊரிலேயே மூத்தவளான செவத்தாயியை முதல் கூடை சாமையைக் கொட்டச் சொன்னார்கள். மிஷின் உறுமியது. ஒரு பக்கம் உமி புகைபோலப் பறந்தது. மறுபக்கம் வெள்ளை வெளேரென்று சாமையரிசி கொட்டியது. செவத்தாயி கையை நீட்டி அதைப் பிடித்தாள். விரலிடுக்கில் வழிந்தது. இன்னொரு கையையும் நீட்டினாள். பிறகு மிஷினைப் பார்த்து, "அடியே, நீ எங்கடி இருந்த இத்தனை நாளா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் புழுதி பறக்க சிங்காரவேலு வந்து இறங்கினார்.

"வளைகாப்பு என்னாச்சுங்க?" என்றாள் மங்கையம்மாள்.

"மனசு அங்க நிக்கலைங்கம்மா." அவர் வண்டியைச் சுற்றிவந்து, முன்மூடியில் கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். "ஏறிருச்சே! ஆனா ஒண்ணு சாமி. என்ற எண்ணெயா இருந்தா இன்னும் கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கும்."

"ஆமாங்க," என்றார் நாச்சிமுத்து. "கீழ."

மலையே சிரித்தது. சிங்காரவேலுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

புதுச் சாமையில் பொங்கல் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்து, கூட்டம் மறுபடியும் மிஷினைச் சூழ்ந்துகொண்டபோது, நாச்சிமுத்து ஒரு பலாமரத்தடியில் வந்து நின்றார். மங்கையம்மாள் அங்கே இலையைக் கையில் ஏந்தி, கடைசிப் பருக்கைகளை வழித்துக்கொண்டிருந்தாள். காற்று அடித்தது. கீழே மடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கண்ணா."

"நான் அந்த எண்ணெய ஊத்திக் கலக்கறப்ப நீங்க கொட்டகைப் பக்கம் வந்தீங்க."

"வந்தேன்."

"தப்புன்னு தெரிஞ்சுதுங்களா?"

"எண்ணெயப் பத்தி ஒண்ணும் தெரியல. உங்க கையப் பாத்தேன். கலக்க மனசில்லாம கலக்கிட்டு இருந்துச்சு."

அவர் கீழே தெரிந்த மடத்தைப் பார்த்தார்.

"அப்பவே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களேம்மா. உங்க வார்த்தைய நான் மீறியிருப்பனுங்களா? அந்த ஞாயித்துக்கிழமையே இங்க வந்து சேந்திருப்போமே."

மங்கையம்மாள் இலையை மடித்தாள்.

"சேந்திருப்போம். ஆனா வண்டிய ஓட்டிட்டு வந்தது நானாயிருக்கும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கண்ணா."